பங்காருப்பேட்டையில் உதிரும் ரோஜா

செய்தி வந்தபோது நான் வண்டியில் இருந்தேன். கோரமண்டல் ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பிவிட்டது. ருக்மணி அக்கா ஏறவில்லை. சந்தானம் சார் வழக்கம்போல ஜன்னலோர இடத்தில் தன் பையை வைத்து அவருக்காகக் காவல் காத்துக்கொண்டிருந்தார். "லீவு போட்டிருப்பாங்கப்பா" என்றார். சொல்லாமல் லீவு போடுகிற ஆள் இல்லை அக்கா. பங்காருப்பேட்டை நெருங்குகிற நேரத்தில் அவருடைய வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வண்டில கீறியா?"

"ஆமாண்ணே. அக்கா எங்க?"

"அக்கா வரலபா. காலைல எய்ந்து பல்லு வெளக்கினா. நெஞ்சு இன்னாவோ பண்ணுதுன்னு குந்தினா. என் ஆட்டோலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். போற வழியிலயே போய்ட்டா."

தினமும் ஒன்றாகப் போகும் நம் பெட்டியில் பாதிப் பேர் பங்காருப்பேட்டையிலேயே இறங்கித் திரும்பினோம். மீதிப் பேர் சாயங்காலம் வந்தீர்கள். அதனால் அன்றைக்கு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பதினாறாம் நாள் நடந்ததைத்தான் எழுத வேண்டும். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணன் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வளர்த்த ஏழு இங்கிலீஷ் ரோஜாக்களும் அங்கே இருந்தன.

"ஏழும் என்னால ஆவாது தம்பி. ஆட்டோ ஓட்டிகினு, தண்ணி புடிச்சிகினு, மூணு வேணா பாத்துக்குவேன். எந்த மூணுன்னு நீயே சொல்லு. நீதான அவளோட சண்ட போட்டுகினு இருந்த."

செடியை எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அண்ணனுக்கு அந்த வீட்டில் அக்காவின் கை பட்டு உயிரோடு மிச்சமிருப்பது அந்த ஏழும்தான். அதில் நாலை நான் வெளியே அனுப்ப வேண்டும். தவறாகச் சொன்னால் திருத்த அக்கா இல்லை.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். பாராட்டி எழுதிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவை நான் முதலில் கவனித்தது அவருடைய தலையிலிருந்த பூவால். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர் வேலைக்கு அவர் தினமும் கன்டோன்மென்ட் வரை போவார். நான் ஒயிட்ஃபீல்டில் இறங்குவேன். அன்று அவர் கொண்டையில் ஒரு பெரிய, நூறு இதழ் அடுக்கிய, கிண்ணம் போன்ற ரோஜா. நம் சந்தையில் விற்கும் ரோஜா இல்லை அது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் மாடியிலும் அதே ஜாதி நாலு இருந்தது. மாலூர் தாண்டியதும் இதழ்கள் கொட்ட ஆரம்பித்தன. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சந்தானம் சாரின் வழுக்கையில் ஒவ்வொன்றாக விழுந்தது.

"அது தலையில வைக்கற வகை இல்லீங்க. உதிரும்" என்றேன். அறிமுகம்கூடச் செய்துகொள்ளவில்லை.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதிந்தா உதிரட்டும். உன் தலையிலயா கொட்டுது?"

"அவர் தலையில கொட்டுது."

"அவருக்கு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, "உனுக்கு இன்னா தெரியும் இந்த ரோஸப் பத்தி?" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒயிட்ஃபீல்ட் வரை சொன்னேன். நம் ஊர் பங்களாத் தோட்டங்களில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ரோஜா வேறு, இது வேறு. பழைய ரோஜாவின் வாசனையையும் அடுக்கையும், புது ரோஜாவின் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தையும் சேர்த்து உண்டாக்கிய ஜாதி இது. குளிர் நாட்டுச் செடி என்பதால் நம் வெயிலில் கண்டபடி உயரம் போகும். ஏப்ரலில் எலுமிச்சம்பழ அளவில் பூக்கும்; டிசம்பரில் சாஸர் அளவு. மத்தியான வெயில் மேலே விழக்கூடாது. அக்டோபரில் வெட்டிவிட வேண்டும். அக்கா முழுக்கக் கேட்டார். இறங்கும்போது, "எல்லாம் சரி, உன்னுது எந்த ஸ்டேசன் வரைக்கும் தாங்குது?" என்றார். நான் என் பூவைத் தலையில் வைத்துப் பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஸ்டேஷன் கணக்கு அங்கேதான் தொடங்கியது. அக்காவின் செடிகள் ஓசூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் வாங்கியவை. பெயர்ச்சீட்டு எதிலும் இல்லை. வண்டியில் எங்கே முதல் இதழ் உதிர்கிறதோ அந்த ஸ்டேஷனின் பெயரை அவர் செடிக்கு வைத்துவிட்டார். மஞ்சள் நிறம் டேக்கல். ரோஸ் நிறம், மிளகு வாசம் அடிப்பது மாலூர். பிறகு தேவனகொந்தி, ஒயிட்ஃபீல்ட், கே.ஆர்.புரம். கருஞ்சிவப்பு ஒன்று கன்டோன்மென்ட் வரை ஒரு இதழ் சிந்தாமல் போய்ச் சேரும். நான் முன்னாலேயே இறங்கிவிடுவதால் எனக்குப் போன் வரும். "எறங்கிட்டேன். ஒண்ணும் கொட்டல. எய்திக்கோ." அலுவலகத்தில் என் மேலாளர் அது ஏதோ சரக்கு வந்து சேர்ந்த தகவல் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தார்.

ஏழாவது செடி பங்காருப்பேட்டை. வெளிறிய பீச் நிறம். கோரமண்டலில் ஏறி முதல் பெரிய ஸ்டேஷன் வருவதற்குள் பாதி கொட்டிவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் தொழில் குறை பிடிப்பது. ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அதற்குள் காலர், கை, பட்டன், தையல் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அந்த ஸ்டிக்கரின் மிச்சத் துண்டுகள் எப்போதும் அவர் பர்ஸில் இருக்கும். ரோஜா இலையில் கரும்புள்ளி தெரிந்தால் ஒரு அம்பு. இலைக்கு அடியில் செம்பேன் இருந்தால் அம்பு மேல்நோக்கி. நான் ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்கப் போனால் தேட வேண்டியதே இல்லை. அம்பு காட்டும் இடத்தில் அடித்தால் போதும். நான் பார்த்த சோதனை முறைகளில் இவ்வளவு சுத்தமான ஒன்று என் கம்பெனியில்கூடக் கிடையாது.

செடியோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. எதிரில் உட்கார்ந்தவர்களின் சட்டையிலும் அம்பு விழும். சந்தானம் சார் ஒரு முழு நாள் காலரில் சிவப்பு அம்போடு பேங்கில் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "ஒருத்தனும் சொல்லலம்மா" என்று மறுநாள் சண்டைக்கு வந்தார். "நூலு தொங்குதுன்னு ஒரு வாரமா நான் சொல்லிகினு கீறேன், நீங்க கேட்டீங்களா சார்?" என்றார் அக்கா.

தண்ணீர் விஷயத்தில் நான் அவரிடம் தோற்றேன். நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளைப் படலம் படியும். அதை ஊற்றினால் இங்கிலீஷ் ரோஜாவின் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நான் மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி, குழாய், வடிகட்டி என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு நாள் சாயங்கால வண்டியில் இரண்டு ஐந்து லிட்டர் கேன்களோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா இது?"

"ஆபீஸ் ரூம்ல ஏசி ஓடுதுல்ல, அதுக்குப் பின்னால குழாய்ல சும்மா ஊத்திகினே கீது. நாலு வருசமா பாத்துகினு கீறேன், யாரும் எடுக்கல."

மறுநாள் மீட்டர் கொண்டுபோய் அளந்தேன். கடையில் விற்கும் குடிதண்ணீரைவிட உப்பு குறைவு. என் வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். அதிலிருந்து தினமும் பத்து லிட்டர், பெங்களூர் ஏசி தண்ணீர், வண்டியேறிக் கோரமண்டல் வந்தது. ஒரு முறை ரயில்வே போலீஸ்காரர் கேனைத் தட்டி என்னவென்று கேட்டார். "கிடக்கெ நீரு சார்" என்றார் அக்கா. செடிக்குத் தண்ணீர் என்று கன்னடத்தில். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ஊரினல்லி நீரு இல்வா?" என்றார், ஊரில் தண்ணீர் இல்லையா என்று. "இதெ சார், கிடக்கெ இஷ்ட இல்லா" என்றார் அக்கா. இருக்கிறது, செடிக்குத்தான் பிடிக்கவில்லை. போலீஸ்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவரே ஒரு கேனைத் தூக்கி மேலே வைத்துக் கொடுத்தார்.

அந்தத் தண்ணீர்தான் ஏழு செடியை வாழவைத்தது. அண்ணனுக்கு இனி அது கிடைக்காது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்தாலும் மூன்றுக்குத்தான் காணும், மூன்று என்று அவர் சொன்னதற்கு இதுதான் காரணம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சந்தானம் சார் சொல்லிவிடுவார். தொட்டி மண்ணில் தண்ணீர் தேங்குகிறது, மணல் கலக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல மணல் கிடைக்கவில்லை. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் அடிவாரத்தில் காற்றில் வந்து குவிந்த வெள்ளை மணல், சலித்தது போல ஒரே அளவுத் துகள். சின்ன வயதில் நாம் எல்லோரும் அட்டைப் பெட்டி போட்டுச் சறுக்கிய மண்தான். ஒரு பை கொண்டுவந்தேன். அக்காவுக்கும் பாதி.

"அந்த மேட்டு மேல புல்லு மொளச்சி நீ பாத்துகிறியா?" என்றார்.

"அது வேறக்கா. நமக்கு வேண்டியது வடிகால்."

"உன் இஷ்டம். நான் சாம்பிள் பீஸ் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் என் நாலு செடிக்கும் ஒரே நாளில் போட்டேன். அவர் சந்தையில் வாங்கிய ஒரு நாட்டு ரோஜாவை, தனித் தொட்டியில், அந்த மணலில் வைத்தார். மூன்று வாரம் கழித்துக் காலை வண்டியில் டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் வைத்தார். உள்ளே இட்லி இல்லை. ஓரம் கருகிய ஒரு கிளை. அதில் ஏழு அம்புகள். எல்லாம் வேரை நோக்கி. எனக்கு அதற்கு முந்தைய நாளே தெரிந்துவிட்டது, என்னுடையதில் மூன்று போய்விட்டன. தங்கம் எடுத்த பிறகு மிச்சம் வைத்த மருந்து எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாமல் இல்லை. துகள் அளவைப் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மறுநாள் கே.ஆர்.புரத்தின் குச்சி ஒன்றைத் தண்ணீர்த் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இத்த நல்ல மண்ணுல வை" என்றார். அந்த 'நல்ல' என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

ஒவ்வொரு ஜனவரியிலும் நாங்கள் தேர்வு வைப்போம். வருடத்துக்கு ஒன்றை முதல் என்று சொல்ல வேண்டும். தேறாததை வெளியே அனுப்பிப் புதிது வைக்கலாம். நான் வருடம் முழுவதும் கணக்கு வைத்திருப்பேன். எத்தனை பூ, எத்தனை நாள் நின்றது, வாசனைக்குப் பத்துக்கு எத்தனை, நோய், தண்டின் பலம். தாளில் அச்சடித்துக் கொண்டு போவேன். அக்கா சட்டைக் கணக்கில் பேசுவார். பாஸ், திருத்தக் கொடுக்க வேண்டியது ஆல்டர், ஆகாதது ரிஜெக்ட்.

கடைசி மூன்று வருடமும் கடைசி இடம் பங்காருப்பேட்டைக்கு. பூ குறைவு. இரண்டு நாளில் கொட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்டுக்குப் பலமில்லை. பூ விரிந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். நின்று பார்த்தால் பூவின் முதுகுதான் தெரியும். அக்காவின் சொந்தச் சோதனையிலேயே அது முதல் ஸ்டேஷனைத் தாண்டவில்லை.

"ரிஜெக்ட் பண்ணுங்கக்கா. உங்க கணக்குலயே தேறல."

"அது பாஸ்."

"எப்படி?"

"குந்து, சொல்றேன்."

"உக்கார டைம் இல்லக்கா. காரணத்தச் சொல்லுங்க."

"காரணம் சொன்னா நீ அத்தயும் தாள்ல எய்துவ. குந்துடா."

நான் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு எப்போதும் இன்னொரு வேலை இருக்கும். என்னுடைய தாளைச் சுருட்டி அக்கா வடைக்கு எண்ணெய் ஒற்ற வைத்துவிடுவார். ஒருமுறை கிளம்பும்போது வாசலில் சொன்னார்: "கொறைய ஒரு நிமிசத்துல புடிச்சிடலாம் தம்பி. எனக்கு அதான் வேல, எனக்குத் தெரியாதா? நல்லதப் பாக்கத்தான் நேரம் ஆவுது." நான் அதற்குள் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

இன்னொன்றும் அவர் கேட்டார், அதை நான் மறக்கவில்லை. பேங்கில் சந்தானம் சாரோடு வேலை செய்யும் ஒரு அம்மா, அக்காவின் ஏழில் எதைத் தன் வீட்டில் வைக்கலாம் என்று வண்டியில் கேட்டார். நான் மாலூர் என்றேன், ஆதாரத்தோடு. அக்கா அந்த அம்மாவிடம், "நீங்க எப்ப வீட்ல இருப்பீங்க? எங்க நின்னுகினு பாப்பீங்க?" என்றார். காலையில் சமையலறை ஜன்னல் வழியாக என்றார் அவர். "அப்ப வெள்ளையா கீறத வைங்க. இருட்டு போறதுக்குள்ள தெரியும்." அது தேவனகொந்தி, என் பட்டியலில் ஐந்தாவது. அந்த அம்மா தேவனகொந்தியின் குச்சி ஒன்றை வாங்கிப் போனார். பிறகு பார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவார். நான் அதைத் தனி ஒரு சம்பவமாக ஒதுக்கி வைத்தேன். அளவு வேலையில் ஒரு அளவு தனித்து நின்றால் அப்படித்தான் செய்வோம்.

பதினாறாம் நாளுக்கு வருகிறேன். என் பையில் அந்த வருடத்துத் தாள் இருந்தது. அதில் முதல் மூன்று இடம் மாலூர், கன்டோன்மென்ட், கே.ஆர்.புரம். அண்ணன் கேட்டதும் அதையே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் மழை வந்துவிட்டது. காரியத்துக்குச் சமைத்த அண்டா குண்டா எல்லாம் பின்பக்கம் கிடந்தன. அண்ணன் தனியாகத் தேய்க்கப் பார்த்தார். நான் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, தாழ்வாரத்து ஓரத்தில் அக்கா பாத்திரம் தேய்க்கும் மணையில் உட்கார்ந்தேன். பழகிய எட்டு வருடத்தில் அந்த வீட்டின் பின்பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு குண்டானைத் தேய்த்துக் கவிழ்க்கும்போது எதிர்ச்சுவரில் ஒரு அம்பைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில். சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. நனையாமலிருக்க மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அம்பு மேல்நோக்கி. பழக்கத்தில் குறையைத் தேடினேன். சுவரில் விரிசலா, ஓட்டில் ஒழுகலா என்று அம்பு காட்டிய வழியில் நிமிர்ந்தேன்.

பங்காருப்பேட்டை பூத்திருந்தது. மூன்று பூ. மூன்றும் குனிந்து என் முகத்துக்கு நேரே திறந்திருந்தன. வெளியே வெளிறிப்போய்த் தெரியும் பூ உள்ளே அப்படி இல்லை. நடுவில் பழுத்த பப்பாளி நிறம், அதிலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு அடுக்காக வெளுத்துக்கொண்டே வந்தது. மழை ஈரத்தில் வாசனை நேராகக் கீழே இறங்கியது. தண்டுக்குப் பலமில்லை என்று மூன்று வருடம் நான் மார்க் குறைத்த அதே குனிவு. மணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் முகத்துக்கு அளந்து வைத்த மாதிரி இருந்தது. அக்கா அதை அங்கே நட்டதே அதற்காகத்தான்.

அண்ணன் காபியோடு வந்தார். என் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"அந்த அம்பா? போன வருசம் ஒட்டினா. இன்னாடி சொவத்துக்கெல்லாம் ஒட்டறன்னேன். அந்தத் தம்பி என்னைக்காவது ஒரு நாள் குந்துவான், அன்னைக்கிப் பாக்கட்டும்னா."

நான் கொஞ்ச நேரம் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"உன் பேப்பரு இன்னா சொல்லுது?" என்றார் அண்ணன்.

"பேப்பர் நின்னுகினே எழுதினது அண்ணே. இதுக்கு ஆவாது."

பிறகு தேர்ந்தெடுத்தோம். பங்காருப்பேட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பாத்திரம் இனி அண்ணன்தான் தேய்க்கப் போகிறார். கன்டோன்மென்ட் இருக்கும், போர் தண்ணீரைக் குடித்தும் பிழைக்கக்கூடியது அது ஒன்றுதான், அந்த அளவில் தாள் சரி. மூன்றாவதாக நான் மாலூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"எனக்கு அந்த மஞ்ச வேணும் தம்பி. பேரு இன்னாவோ. ஆட்டோவ நிறுத்திட்டு உள்ள வரும்போது அதான் கண்ணுல படும்."

டேக்கல். இலைப்புள்ளிக்கு முதலில் விழும் செடி. எனக்கு நாலு காரணம் தொண்டை வரை வந்தது. "எங்க நின்னுகினு பாப்பீங்க?" என்று அக்கா கேட்டதும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபரில் வெட்டும்போது மற்ற நாலையும் அனுப்பினோம். கே.ஆர்.புரம் சந்தானம் சாருக்கு. வழுக்கையில் கொட்டாத ஒன்று வேண்டும் என்று அவரே கேட்டார். ஒயிட்ஃபீல்டும் தேவனகொந்தியும் நம் பெட்டியிலேயே இரண்டு வீட்டுக்குப் போயிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாலூர் என்னிடம் வந்தது. அக்காவின் நினைவுக்காக நான் அதை வைத்துக்கொள்ளவில்லை, நல்ல செடி என்பதால் வைத்துக்கொண்டேன். அக்கா இருந்தால் அதைத்தான் சரி என்பார்.

இப்போது டிசம்பர். வெட்டிய பிறகு வந்த முதல் பூ. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மணையில் குந்திக்கொண்டிருந்தார். எதிரில் மூன்றே மூன்று தட்டு. சாஸர் அளவுக்கு ஐந்து பூ அவர் முகத்துக்கு நேரே.

"பத்து பாத்திரத்துக்கு ஒரு மணி நேரமான்னு தெனம் கத்துவேன் அவள" என்றார் திரும்பாமல். "இப்பதான் தெரியுது, இன்னா பண்ணிகினு இருந்தான்னு." குரலில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், அவ்வளவாக இல்லை. ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது.

கிளம்பும்போது அக்காவின் பர்ஸில் இருந்த ஸ்டிக்கர் துண்டை என்னிடம் கொடுத்தார். பதினொரு அம்புகள் மிச்சம். ஊர் சந்தையில் ஒரு மணை வாங்கி மாடியில் மாலூருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். அக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது இவ்வளவுதான். செடியைப் பற்றி எதையும் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு அந்தப் பதினொரு அம்பு. தினமும் காலை வண்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்காருகிறேன். இதுவரை ஒன்றையும் ஒட்டவில்லை. எங்கே ஒட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.